அப்பாவுக்கு ஆகாத மாத்திரை

1

அப்பாவின் விசிட் பாஸை நீட்டிக்க இமிகிரேஷன் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். ஊரில் இருப்பவர்கள் வெளிநாடு என்றதும் வானளாவிய கட்டடங்களை நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு வெளிநாடு என்றால் எண் போட்ட துண்டுச் சீட்டும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான். காலையிலிருந்து உட்கார்ந்திருப்போம், நம் எண் திரையில் வரும் நேரத்தில் சரியாகக் கழிப்பறையில் இருப்போம், திரும்பி வந்து மறுபடியும் முதலிலிருந்து கெஞ்சுவோம்.

கவுண்டரில் இருந்தது ஒரு மலாய்க்காரப் பெண். வயது என் மகளைவிடப் பத்து வருடம் கூட இருக்கலாம். அப்பா ஏன் இன்னும் தங்க வேண்டும் என்று கேட்டாள். இத்தனை வருடமாகியும் என் மலாய், சந்தையில் மீனுக்கு விலை கேட்கும் அளவைத் தாண்டவில்லை. இதய நோய் என்பதை எப்படியோ சொல்லிவிட்டேன். உனக்கு என்ன வேலை என்றாள். "புவாட் உபாட்" என்றேன், மருந்து செய்கிறேன் என்ற அர்த்தத்தில். அவள் முகம் மலர்ந்தது. ஜாமுவா என்றாள். ஜாமு என்றால் இங்கே மூலிகை மருந்து. நான் வீட்டில் வேர் இடித்துப் பொட்டலம் கட்டி விற்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். இல்லை, மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க, என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். பின்னால் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அப்பாவுக்கு 'உபாட்' என்ற ஒரு சொல் மட்டும் புரிந்துவிட்டது. கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் வந்தார். "மை டாட்டர் மேக்கிங் மெடிசின்" என்றார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "ஃபார் மீ" என்றார்.

அந்தப் பெண்ணும் தன் நெஞ்சில் கைவைத்து அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்காமல் வேலையை முடித்துக் கொடுத்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டை வாங்கிப் பையில் போட்டேன்.

2

நான் சங்ககிரிக்காரி. அப்பா அங்கே ஒரு லாரி ஆபீஸில் புக்கிங் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. நான் ஒரே பிள்ளை. வேதியியல் படித்து, அதிலேயே ஆராய்ச்சியும் முடித்து, கல்யாணமாகி, கணவருக்குப் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் இங்கே வந்தவள். மலேசியாவின் ஜொகூர் பாருவில், பெர்மாஸ் ஜெயாவில் வீடு. எனக்கு வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில். வாரத்தில் சில நாள் விடியுமுன் பஸ் பிடித்து, இந்த நாட்டு எல்லைச் சாவடியில் ஓடி இறங்கி, அந்த நாட்டுச் சாவடியில் இன்னொரு முறை ஓடி இறங்கி அலுவலகம் போய்ச் சேர்வேன். மற்ற நாட்களில் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அதே வேலை.

வேலை என்னவென்று பலரும் கேட்டதுண்டு. சொல்லிவிடுகிறேன். காயம் பட்டால் ரத்தம் உறைய வேண்டும். குழாய்க்குள் ஓடும்போது உறையக் கூடாது. உறைவதற்கு உடம்பில் ஒரு வரிசை இருக்கிறது. ஒரு என்சைம் அடுத்ததைத் தட்டி எழுப்பும், அது அதற்கடுத்ததை எழுப்பும், கடைசியில் ரத்தம் கட்டியாகும். அந்த வரிசையில் பத்தாம் எண் கொடுக்கப்பட்ட ஒரு என்சைம் இருக்கிறது. அதில் ஒரு குழி. அந்தக் குழிக்குள் போய் அடைத்துக்கொண்டு உட்காரும் சின்ன மூலக்கூறு ஒன்றை வரைவதுதான் எங்கள் வேலை. உட்கார்ந்துவிட்டால் என்சைம் அடுத்ததை எழுப்ப முடியாது, வரிசை அங்கேயே நின்றுவிடும். இந்த வகை மாத்திரைகள் சில ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்டன. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ஒத்துக்கொள்கிற மாதிரி இன்னொன்றை நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

திரையில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். குழியில் கச்சிதமாக உட்காரும். செய்து பார்த்தால் ஒட்டுவது கரையாது, கரைவது குடலைத் தாண்டாது, குடலைத் தாண்டியதை ஈரல் அரை மணி நேரத்தில் அரைத்துத் தள்ளிவிடும். ஒரு மூலையில் நைட்ரஜனை மாற்றுவேன், இன்னொரு மூலையில் ஃபுளூரினைச் சேர்ப்பேன். அதைச் சரிசெய்தால் இது கெட்டுப்போகும். இத்தனை வருடத்தில் நான் வரைந்த எதுவும் மாத்திரையாகிக் கடைக்கு வரவில்லை. எங்கள் தொழிலில் இது வெட்கப்படுகிற விஷயம் இல்லை, பெரும்பாலானவர்கள் கதை இதுதான். ஆனால் அப்பாவிடம் இதைச் சொன்னதில்லை.

3

அப்பாவுக்குச் சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சல் இதயத்தின் வால்வு ஒன்றைக் கெடுத்து வைத்திருந்தது. எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருடம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கோயம்புத்தூரில் நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு வைத்தார்கள். அப்பா அதை இரும்பு வால்வு என்பார். டிவியை அணைத்துவிட்டால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு டிக் டிக் என்று கேட்கும்.

அந்த மாதிரி வால்வில் ரத்தம் கட்டிக்கொண்டால் ஆள் போய்விடுவார். அதனால் உறையாமல் இருக்க மாத்திரை, ஆயுசு முழுக்க. பழைய காலத்து மாத்திரை அது. மாதா மாதம் ரத்தம் எடுத்து, உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து, அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கீரை அதற்குப் பகை. ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லாரி ஆபீஸ் கணக்கு பார்த்த மனுஷனுக்கு 'அளவாக' என்ற சொல்லில் நம்பிக்கை கிடையாது. அடியோடு விட்டுவிட்டார். பண்ணைக்கீரைக் கடைசலை வட்டிலில் வழித்துச் சாப்பிட்டவர்.

எனக்கு இந்த வேலை கிடைத்ததற்கும் அப்பாவின் வால்வுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஊரில் இருந்தபடியே நேர்காணல் கொடுத்த இடத்தில் காலியாக இருந்தது இந்த வேலைதான். ஊரை விட்டுக் கிளம்பும்போது, சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த வீட்டில் அத்தை எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

"ஒத்தப் புள்ள. அப்பன இப்படித் தனியா உட்டுட்டுப் போறாளாக்கும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "அவ சும்மாவா போறா? எனக்கு மாத்திரை செய்யப் போறா."

அத்தை வாயை மூடிக்கொண்டாள். நானும் மூடிக்கொண்டேன். அவ்வளவு பெரிய பழியிலிருந்து அவ்வளவு சுலபமாக யாருக்கு விடுதலை கிடைக்கும்? எனக்குக் கிடைத்தது, எடுத்துக்கொண்டேன்.

வேலையில் சேர்ந்த புதிதிலேயே படித்துவிட்டேன். புதுவகை மாத்திரையைச் செயற்கை வால்வு வைத்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வால்வில் கட்டி விழுவது கூடியதால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். காரணமும் ஓரளவு புரிகிறது. பழைய மாத்திரை ஒரே சமயத்தில் நாலைந்து கதவுகளைப் பாதி சாத்துகிறது. எங்களுடையது ஒரே கதவைத்தான் சாத்துகிறது. அந்த வால்வு எந்நேரமும் ரத்தத்தைச் சீண்டிக்கொண்டே இருப்பதால் அதற்கு இது போதாது. ஆக, நான் என் தொழிலில் உச்சத்துக்கே போனாலும் என் மாத்திரையை அப்பா விழுங்கக் கூடாது.

அதைச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஞாயிறு தவறாமல் போனில் பேசுவோம். தவறாமல் கேட்பார்.

"மாத்திரை எந்த மட்டுல இருக்குது கண்ணு?"

"நடக்குதுப்பா."

"அது வந்துருச்சுன்னா கீரை திங்கலாமா?"

"திங்கலாம்ப்பா."

"ரத்தம் எடுக்க வேண்டியதில்லையே?"

"இல்லப்பா."

நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அந்த மாத்திரையைப் பொறுத்தவரை உண்மை. அவரைப் பொறுத்தவரை எல்லாமே பொய். போனை வைத்ததும் மனசு உறுத்தும், திங்கட்கிழமை பஸ் வரிசையில் நிற்கும்போது மறந்துபோகும்.

4

அப்பா எங்களோடு தங்க இங்கே வந்த முதல் சில வாரம் கூண்டுக்குள் அடைத்த மாதிரி இருந்தார். என் மகள் நிலாவுக்குப் பதினான்கு வயது. அவளுடைய தமிழ், தோழிகளிடமிருந்து மிச்சப்பட்ட நேரத்தில் பேசுவது. என்னிடம் பாதி ஆங்கிலத்திலேயே ஓட்டிவிடுவாள். தாத்தாவிடம் அந்த வழி இல்லாததால் தடுக்கித் தடுக்கிப் பேசினாள். அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "தாத்தா உள்ள குளோக் ஓடுது லா!" என்று கத்தினாள். அவருக்கு ஒரே பெருமை. தினமும் ஒரு தடவை கேட்கக் கொடுப்பார்.

ஒருநாள் அவள் என்னிடம், "தாத்தா ஏன் இன்னும் அந்த ஓல்ட் மெடிசின் சாப்பிடறாங்க? நீங்க செய்யறத குடுங்களேன்மா" என்றாள். இன்னும் தயாராகவில்லை என்றேன். அப்பாவிடம் சொல்லிப் பழகிய பொய், பிள்ளையிடம் வரும்போது நாக்கு குழறவே இல்லை.

அப்பாவை மீட்டது பக்கத்து வீட்டு மாரிமுத்து அண்ணன். பெக்கோக் தோட்டத்தில் பிறந்தவர். மாசாயில் வீடெடுத்து, தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்து, ஓய்வு பெற்று, இப்போது மகன் வாங்கிய வீட்டில் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறார். காலையில் இருவரும் நடந்து போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் குடிப்பார்கள். நம்மூர் டீதான், இங்கே இன்னும் கொஞ்சம் தூக்கி ஆற்றுவார்கள். அண்ணனுக்கும் இதயத்தில் கோளாறு. ஆனால் வேறு கோளாறு, துடிப்பு ஒழுங்கில்லாமல் துடிக்கும். அதற்கு அவர் சாப்பிடுவது புதுவகை மாத்திரை. அது அவருக்குச் சரியானது. இரண்டு பேருக்கும் ரத்தம் உறையாமல் இருக்கத்தான் மருந்து என்று தெரிந்ததும் நட்பு இறுகிப்போனது.

ஒரு ஞாயிறு மதியம் அண்ணன் வீட்டிலிருந்து முருங்கைக்கீரைப் பொரியல் வந்தது. எனக்கும் நிலாவுக்கும், ஷிப்டுக்குப் போயிருந்த கணவருக்கும் என்று எடுத்து வைத்தேன். அப்பா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டார்.

"அப்பா, அது கீரை."

"கண்ணு தெரியாமப் போயிருச்சுன்னு நெனச்சியா?"

"விளையாடாதீங்க. தள்ளி வைங்க."

"இனிமேல் ஒண்ணும் பண்ணாது கண்ணு."

சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். மாரிமுத்து அண்ணனுடைய மாத்திரை.

"உன்ற மாத்திரை வெளிய வந்துருச்சு. எங்கிட்டச் சொல்லாம கமுக்கமா இருக்கற. நானே கண்டுபிடிச்சேன் பாரு. கீரை திங்கலாம், ரத்தம் எடுக்க வேண்டாம்னு அவரு சொன்னதும் எனக்குப் புரிஞ்சு போச்சு, இது என்ற புள்ள செஞ்சதுதான்னு."

"எத்தன நாளா இதச் சாப்பிடறீங்க?"

"அஞ்சாறு நாள் இருக்கும்."

"பழைய மாத்திரை?"

"ரெண்டையும் தின்னா ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? அத நிறுத்திட்டேன்."

அஞ்சாறு நாள் அந்த வால்வு காப்பில்லாமல் கிடந்திருக்கிறது. எழுந்ததும் செய்த முதல் காரியம், வெளியே ஓடி வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கத்தியது.

"யாரைக் கேட்டு எங்கப்பாவுக்கு மாத்திரை குடுத்தீங்க? படிச்சவ ஒருத்தி பக்கத்துல இருக்கேன்ல?"

மாரிமுத்து அண்ணன் சோற்றுக் கையோடு வந்து நின்றார். "அலமாக்... என்னா தங்கச்சி ஆச்சு? உங்க அப்பாதான் கேட்டாரு. இது எங்க பொண்ணு செய்யிற மருந்துன்னாரு. கிளினிக்ல எனக்குக் கூடுதலா குடுத்திருந்தாங்க, ஒரு அட்டய எடுத்துக்கங்கன்னு சொன்னேன். நீங்க செஞ்சதுன்னுதானே நானும் நெனச்சிக்கிட்டு இருக்கேன்!"

அவர் கையைக் கூடச் சரியாகக் கழுவாமல் காரை எடுத்தார். பின் இருக்கையில் நிலா தாத்தாவின் நெஞ்சில் காதை வைத்தபடியே வந்தாள். "சேம் சவுண்ட்தான்மா, சேம்தான்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தாள். என்ன ஆபத்து என்று அவளுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. அவர் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

5

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் சின்னப் பெண்தான், தலையில் முக்காடு, பேச்சில் அவசரம். விவரத்தைக் கேட்டதும் முகம் மாறியது. மாத்திரையை மாற்றச் சொன்னது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"டாட்டர்" என்றார் என்னைக் காட்டி. "டாட்டர் மெடிசின். வெரி குட் மெடிசின்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நீங்கள் டாக்டரா என்றார். இல்லை, வேதியியல் என்றேன். எந்த மாதிரி வேலை என்றார். இந்த வகை மாத்திரைகளைத்தான் வடிவமைக்கிறேன் என்றேன்.

"அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருக்குமே" என்றார்.

"தெரியும்" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. ஏதோ எழுதிக்கொண்டு, நர்ஸைக் கூப்பிட்டு, அப்பாவை ஸ்கேனுக்கு அழைத்துப் போகச் சொன்னார். நான் நடைபாதையில் நின்றேன். மாரிமுத்து அண்ணன் எனக்கு எதிரே சுவரோரமாக நின்றார். "நான் நல்லதுக்குத்தான் தங்கச்சி குடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உங்கள் மேல் தப்பில்லை அண்ணே என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் பிறகு யார் மேல் என்று சொல்ல வேண்டிவருமே என்று தலையை மட்டும் ஆட்டினேன். அந்த நேரத்திலும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்த்திருக்கிறேன்.

வால்வின் இதழ்கள் நன்றாகத் திறந்து மூடுகின்றன, கட்டி எதுவும் தெரியவில்லை என்று டாக்டர் வந்து சொன்னார். அதிர்ஷ்டம் என்றார். பழைய மாத்திரை மறுபடி பிடிக்கும் வரை வயிற்றில் ஊசி போட வேண்டும், சில நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார். நிலா என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்திருக்கிறது.

6

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் நான் மட்டும் போனேன். அப்பா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வந்த ஆரஞ்சில் இரண்டு சுளையைத் தின்றுகொண்டிருந்தார்.

"அந்த டாக்டரம்மா உன்னத் திட்டுச்சா?"

"இல்லப்பா."

"பின்ன எதுக்கு நேத்து மூஞ்சிய அப்படி வெச்சுட்டு நின்ன?"

இதற்கு மேல் தள்ளிப்போட இடமில்லை. சொன்னேன். "நான் செய்யற மாத்திரை உங்களுக்கு ஆகாதுப்பா. உங்களுக்கு வச்ச மாதிரி வால்வு வச்சவங்களுக்கு ஆகவே ஆகாது. அதுவுமில்லாம, மாரிமுத்து அண்ணன் குடுத்தது நான் செஞ்சதும் இல்ல. நான் செஞ்சது ஒண்ணுகூட இன்னும் கடைக்கு வரல."

கதவுக் கணக்கையும் விளக்கினேன். பழையது நாலைந்து கதவு, எங்களுடையது ஒரு கதவு. பாதி வழியில் நின்றுபோன லாரிக்கு டிரைவர் சொல்லும் காரணத்தைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார்.

"எப்ப இருந்து தெரியும் உனக்கு?"

"இங்க வந்த புதுசுலயே."

கையில் இருந்த ஆரஞ்சுத் தோலை மடித்து மேசையில் வைத்தார்.

"செரி. ஆகாதுன்னா ஆகாது, அதுக்கு நீ என்ன பண்ணுவ. அப்பறம் எதுக்குக் கண்ணு இங்க இருக்கற?"

குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கணவரின் வேலை, நிலாவின் படிப்பு, வீட்டுக் கடன், ஊருக்குத் திரும்பினால் என் படிப்புக்கு வேலை இல்லாதது என்று வரிசையாகப் பதில்கள் இருக்கின்றன. யார் யாரிடமோ சொல்லியிருக்கிறேன்.

"எனக்கு இங்க பிடிச்சிருக்குப்பா" என்றேன். "இந்த வேலை பிடிச்சிருக்கு. ஏன் எதுக்குன்னு யாரும் என்னக் கேக்காத ஊரு பிடிச்சிருக்கு."

சொல்லி முடித்ததும் உடம்பு கூசியது. நர்ஸ் ஊசியோடு வந்தாள். அப்பா சட்டையைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் போனதும் கீழே இழுத்துவிட்டு, பொத்தானைப் பொறுமையாகப் போட்டார்.

"பிடிச்சிருக்குன்னா இருக்க வேண்டியதுதான்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னைக்கே அப்படிச் சொல்லியிருந்தாலும் அனுப்பித்தான் வெச்சிருப்பேன் கண்ணு. அத உட்டுட்டு, வரும் வரும்னு என்னைய இத்தன வருசம் காத்துட்டு இருக்க வெச்சுட்டயே."